நான்காம் விரல் தடுக்கிய இடம்

நத்தாலியா மச்சாடுவின் நான்காம் விரல் தடுக்கி, அவள் படகுப் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிய ஒரு சாயங்காலத்தில் மணற்குடாவின் கடல் ஒரு காலடி பின்னால் போனது, போனது திரும்பி வரவில்லை, கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்து, இன்னைக்கு வத்தம் கொஞ்சம் கூடுதல்போல என்று சொல்லிவிட்டு அறுந்த கண்ணிகளுக்கே திரும்பிக்கொண்டார்கள்.

பியானோ மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பங்கு மண்டபத்தில் கிடந்தது. எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் கம்பெனிக்காரன் ஊரைவிட்டுப் போகும்போது தூக்க முடியாமல் விட்டுப் போனது அது, உப்புக் காற்றில் ஊறி ஊறி அதன் கட்டைகளில் பாதி அழுத்தினால் எழும்பாது, எழும்பினால் அழுத்த வராது. அதில் வாசிக்க மூன்று பேர் வந்தார்கள், மூவருக்கும் வாத்தியார் கிடையாது, கைபேசியில் எவர் எவரோ வாசிப்பதை வேகம் குறைத்துப் பார்த்து, நோட்டுத் தாளில் பென்சிலால் விரலுக்கு விரல் எண் போட்டுப் படித்தவர்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் சண்முகவேல் மினுவெட் என்கிற பழைய நடனப் பாட்டு ஒன்றை மட்டும் வருஷக்கணக்காக வாசித்துக்கொண்டிருந்தார்; அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவது ஒழுக்கக்கேடு என்பது அவர் கொள்கை. அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா கொரைரா மாசத்துக்கு ஒன்று தேர்ந்தெடுப்பாள், ஒவ்வொன்றிலும் முதல் வரியைத் தேவதைபோல வாசித்துவிட்டு, "இது எனக்குச் சரிவராது, வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்பாள். மூன்றாமவள் நத்தாலியா, நாற்பத்தைந்து வயது, கல்யாணமாகாதவள், துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் படகுகளுக்கு ஐஸ் பாளம் எண்ணி விடுகிற வேலை.

ஊர் என்ன சொல்லியது என்று கேட்கவே வேண்டாம். பல்லுப் போன பொறவு பட்டாணியா என்றார்கள். மாப்பிள்ளை கிடைக்காதவளுக்குப் பெட்டி கிடைத்தது என்றார்கள். தாசில்தாரைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்கவில்லை, அவர் வாசித்தால் அது பொழுதுபோக்கு, அவள் வாசித்தால் அது குறை. ஆண் ஓய்வில் கற்றுக்கொள்வது ஞானம் என்றும் பெண் வேலைக்கு நடுவில் கற்றுக்கொள்வது கிறுக்கு என்றும் எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று நத்தாலியா ஒருமுறை பூசை முடிந்து வெளியே வருகையில் உரக்கவே கேட்டாள், எல்லோரும் செருப்பைத் தேடினார்கள்.

அவள் தேர்ந்தெடுத்தது ஒரு பார்கரோல், அதாவது படகுப் பாட்டு. தண்ணீர்த் தெருக்கள் உள்ள எந்த ஊரிலோ துடுப்புப் போட்டவர்கள் முனகியதைக் கேட்டு, துடுப்பைத் தொட்டே பார்க்காத எவரோ சன்னலைச் சாத்திக்கொண்டு எழுதியது. அவள் கைக்கு வந்த பிரதியில் அட்டை கிழிந்து போயிருந்தது, எழுதியவர் பெயர் இல்லை. துடுப்புப் போட்டவன் பெயர் எப்படியும் அதில் இருந்திருக்காது, எழுதினவன் பெயரும் தொலைந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது என்பது நத்தாலியாவின் கட்சி. "நம்ம சக்திக்கு இது மிஞ்சினது, நத்தாலியாம்மா" என்று தாசில்தார் எச்சரித்தார். "மிஞ்சாததை எதுக்குங்க படிக்கணும்?" என்று அவள் கேட்டாள்.

ஐந்து பக்கம். இடக்கை கட்டிப்போட்ட வள்ளம்போல ஆடிக்கொண்டே இருக்கும், அதன் மேலே வலக்கை ஒரு அலையைத் திரட்டித் திரட்டி எழுப்பிக்கொண்டு போகும், மூன்றாம் பக்கத்தின் உச்சியில் அது உடைய வேண்டும், உடைவதற்குச் சரியாக முந்திய கணத்தில் நான்காம் விரல் ஒரு கறுப்புக் கட்டையில் போய் இறங்க வேண்டும். இருக்கிற விரல்களில் சோம்பேறி நான்காம் விரல்தான். இருக்கிற கட்டைகளில் முரடு அந்தக் கட்டைதான். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நத்தாலியா தடுக்கினாள், ஒவ்வொரு நாளும் தடுக்கினாள், தடுக்கினதும் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள், ஏனென்றால் அந்த மண்டபத்தில் அதுதான் சட்டம். தாசில்தார் ஏற்படுத்திய சட்டம் அது. "ஒரு இடத்துல பிழைன்னா கோப்பு மேல போகக்கூடாதும்மா, தொடங்கின மேசைக்கே திரும்பணும்" என்பார், அவர் உத்தியோகம் அப்படி. தடுக்கின இடத்தை மட்டும் எடுத்து, பிட்டு பிட்டாக, ஆமைபோல வாசித்துப் பழக வேண்டும் என்று கைபேசியில் சொல்லாதவர் கிடையாது; வயது வந்தபின் கற்கிறவர்களுக்கு அந்தப் பொறுமைதான் இல்லை, அவர்களுக்கு அழகான தொடக்கம் வேண்டும், அதனால் உலகத்தில் அவர்கள் வாசிக்கிற பாட்டுகளுக்கெல்லாம் தொடக்கம் தேய்ந்து பளபளக்கும், முடிவு பூட்டின வீடுபோல இருண்டு கிடக்கும்.

ஆக, எழும்பின அலை ஒவ்வொரு முறையும் உடையாமல் திரும்ப அழைக்கப்பட்டது. அதோடு கடலும் திரும்பிப் போனது.

இரண்டையும் முதலில் சேர்த்துப் பார்த்தது குழந்தைகள், பிறகு பெண்கள், கடைசியில்தான் ஊர்க் கமிட்டி. கமிட்டித் தலைவர் கஸ்பார் மோத்தா, உப்பளக்காரர், வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கல் உப்பு வைத்திருப்பவர், அவர் ஒரு பையனை மண்டபத்து வாசலிலும் இன்னொருவனைத் தண்ணீர் ஓரத்திலும் நிறுத்தி ஒரு சாயங்காலம் முழுக்கச் சோதித்தார். தடுக்கல், திரும்பல், ஒரு காலடி. தடுக்கல், திரும்பல், ஒரு காலடி. சோதனை முடிந்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை, பங்குச் சாமியார் ஆச்சரியப்படவில்லை, யாருமே ஆச்சரியப்படவில்லை, நிலம் வந்தால் ஆச்சரியப்படுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

காலையிலேயே அளவுக்கயிறு வந்தது. கடல் விட்டுப் போன தரைக்குப் புதுக்கரை என்று பேர் வைத்தார்கள், மேற்குப் பாதி உப்பளத்துக்கு என்று கஸ்பார் மோத்தா எடுத்துக்கொண்டார், மிச்சத்தில் வீடு இல்லாதவர்கள் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று கமிட்டி பெரிய மனசு பண்ணியது. சிப்பி புடைத்த மண்ணில் கொத்துக் கொத்தாக வீடுகள் எழும்பின, சுவரில் சங்குகள் பாதி வெளியே தெரிந்தன, நங்கூரம் கிடந்த இடத்தில் பால்வாடி வந்தது, பெண்கள் கடலின் தரையில் சாணம் தெளித்துக் கோலம் போட்டார்கள், கோழிகள் பாசியைக் கொத்தின, முதல் கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டபோது குழியிலிருந்து ஒரு திருக்கை வாலை அடித்துக்கொண்டு வெளியே வர, அதைக் குழம்பு வைத்து விருந்தில் பரிமாறினார்கள். படகுகள் பழைய கரையிலேயே சாய்ந்து கிடந்தன. மாசக்கணக்கில் காலடி காலடியாகச் சேர்ந்து தண்ணீருக்கு நடந்து போய் வர அரைநாள் ஆனதால் மீன் பிடிக்கிறவர்கள் ஒவ்வொருவராக உப்பளத்துக்குக் கூலியானார்கள். மீன் இல்லாத ஊரில் ஐஸ் எதற்கு? கம்பெனியை மூடினார்கள். நத்தாலியாவுக்கு வேலை போனது, அதற்குப் பதிலாகக் கமிட்டி தினமும் காலையில் இட்லியும் மத்தியானம் சோறும் வீட்டுக்கு அனுப்பியது, அவள் தடுக்குவது ஊர்ப் பணி ஆயிற்று.

அவளுடைய தங்கை ஜெசிந்தாவும் தங்கை புருஷன் சூசையும் இரண்டு பிள்ளைகளோடு புதுக்கரையில்தான் வீடு கட்டினார்கள். அதுவரை கண்டவர் வீட்டில் வாடகைக்கு இருந்து, கண்டவர் வாயில் விழுந்தவள் ஜெசிந்தா. சொந்தக் கதவுக்கு அவள் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்தாள். கடைசியில் இருந்த வீடு அது, அதற்கப்புறம் வெறும் ஈரத் தரை.

தண்ணீருக்குப் போய் வருகிற பழக்கத்தைச் சூசை ஒருவன்தான் விடவில்லை. ஒரு நாள் அவன் வெறும் வலையோடு திரும்பி நேராக நத்தாலியா வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்தான்.

"மைனி, கடலு படுக்கல."

"என்னல சொல்லுத?"

"போன கடலு அங்கன போயி படுத்திருக்கும்னுல்லா நெனச்சோம். படுக்கல. நிக்கி. சொவரு மாதிரி நிக்கி. உள்ளார மீனு நீந்துதது தெரியுது, நா அண்ணாந்து பாத்தேன்."

கமிட்டியில் இதைச் சொன்னதற்கு, வெயிலில் கண்ணு கட்டியிருக்கும் என்றார்கள். கஸ்பார் மோத்தா இன்னும் கனிவாக, "சூசைக்கு ஒரு குல்லா வாங்கிக் குடுங்கப்பா" என்றார்.

நத்தாலியா அதைக் கண்கட்டு என்று நினைக்கவில்லை, அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. வேலை போனபின் கிடைத்த பகல் பொழுதுகளில், மண்டபத்தின் சட்டம் செல்லுபடியாகாத தன் அடுக்களையில், அவள் அடுப்பு மேடையின் விளிம்பைக் கட்டைகளாக வைத்துக்கொண்டு யாரும் வாசிக்காத அந்தக் கடைசி இரண்டு பக்கங்களைச் சத்தமில்லாமல் விரலோட்டிப் பழகிவந்தாள், பிட்டு பிட்டாக, ஆமைபோல. அப்படி ஓட்டும்போதெல்லாம் பக்கத்துக் குடத்தில் இருந்த தண்ணீர் அவள் பக்கமாகச் சாய்ந்தது, குடம் நேராக இருக்க உள்ளே தண்ணீர் மட்டும் சாய்ந்தது, வேகமாக ஓட்டினால் தளும்பி அவள் புடவையை நனைத்தது, மெதுவாக ஓட்டினால் விளிம்புவரை மெதுவாக ஏறி, பூனைபோல அங்கேயே உட்கார்ந்தது. நக்கிப் பார்த்தாள். உப்பு.

முடிவை வாசித்தால் கடல் திரும்பும். வாசிக்காவிட்டால் அது நின்றுகொண்டே இருக்கும், ஒவ்வொரு தடுக்கலுக்கும் ஒரு அலை கூடி. எவ்வளவு நாள் நிற்கும்?

அவள் கமிட்டிக்குப் போனாள். ஸ்டெல்லா துணைக்கு வந்தாள், தாசில்தார் ஏற்கெனவே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"புதுக்கரையை ஒழிச்சுக் குடுங்க. சனம் மேடேறட்டும். நா கடைசிப் பக்கத்தை வாசிச்சு முடிக்கேன்" என்றாள்.

கஸ்பார் மோத்தா சிரித்தார். "ஏம்மா நத்தாலியா, ஒனக்கு வாசிக்கவா தெரியும்? வாசிக்கத் தெரிஞ்சவ கையால இந்த ஊருக்கு ஒரு சாண் நெலம் வந்திருக்குமா? நீ தப்பு போடுதது ஆண்டவர் தந்த வரம். அதக் கெடுக்காத."

"என் தப்பு என்னோடது. அதைத் திருத்தவும் எனக்குத்தான் பாத்தியதை. அதை ஊர்ச் சொத்தாக்க நீங்க யாரு?"

"பொம்பளப் புள்ள, பதவிசா பேசு."

"நாப்பத்தஞ்சு வயசுல நா புள்ளையா? வாசிக்க வந்தப்ப கெழவின்னீங்க."

ஸ்டெல்லா களுக்கென்று சிரித்துவிட்டாள். கஸ்பார் மோத்தா சிரிக்கவில்லை. திருவிழாவுக்கு முந்தி கடல் இன்னும் ஒரே ஒரு காலடி போனால் முத்துப்பார் வெளியே தெரிந்துவிடும், சிப்பியைக் கையாலேயே பொறுக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கொடியேற்றத்தன்று சாயங்காலம் பியானோவையே புதுக்கரையின் விளிம்புக்குக் கொண்டுபோய், சாமியார் மந்திரிக்க, ஊர்ச்சனம் மொத்தமும் கூடி நிற்க, அவள் ஒருமுறை தடுக்கினால் போதும் என்றார்.

"நா வாசிக்க மாட்டேன்."

"நீ வாசிக்கலைன்னா தாசில்தார் வாசிப்பாரு. கேட்டுக் கேட்டு அவருக்கு மொத மூணு பக்கமும் பாடம்."

நத்தாலியா தாசில்தாரைப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்து முடிக்கவே இல்லை. அன்றைக்கே கமிட்டி அவள் பிரதியிலிருந்து கடைசி இரண்டு பக்கங்களையும் கிழித்தெடுத்துக்கொண்டது, பாதுகாப்புக்காக என்று சொல்லி.

வீட்டுக்கு வந்தால் ஜெசிந்தா காத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கமிட்டியில என்ன பேசினன்னு கேள்விப்பட்டேன். எனக்குன்னு ஒரு கதவு இப்பத்தான் வந்திருக்கு. ஒனக்குப் பாட்டுதான் பெருசா?"

"பாட்டு இல்லட்டி. சூசை சொன்னதைக் கேட்டியா? அது நிக்கி. ஒன் வீட்டுக்குத்தான் மொதல்ல வரும்."

"வாறப்ப வரட்டும். அதுவரைக்கும் நா ஒரு வீட்டுக்காரியா இருந்துட்டுப் போறேன். நீ ஆயுசு பூரா தப்பாத்தானே வாசிக்க? எனக்காக இன்னும் ஒரு தப்பு பண்ணமாட்டியா?"

வாதத்தில் அவளை யாரும் ஜெயித்ததில்லை, ஜெசிந்தா ஜெயிக்கவும் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

கொடியேற்றத்தன்று பியானோவை டிராக்டர் பெட்டியில் ஏற்றி, தோரணம் கட்டி, பேண்டு வாத்தியத்தோடு புதுக்கரைக்குக் கொண்டுபோனார்கள். கைக்குழந்தையிலிருந்து கட்டிலில் தூக்கி வந்த நோயாளிவரை ஊரே அங்கே நின்றது, சுக்குக் காப்பிக்காரன் வந்திருந்தான், பலூன்காரன் வந்திருந்தான். தூரத்தில் வானமும் தரையும் சேருகிற இடத்தில் ஒரு பச்சைக் கோடு தடிமனாகத் தெரிந்தது, எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பியானோவைப் பார்த்தார்கள். தாசில்தார் கையில் விட மனமில்லாமல் நத்தாலியாவே வந்து பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தாள், சூசை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"மைனி, அது சாஞ்சிட்டு. இன்னைக்குக் காலம்பற போயிப் பாத்தேன், இந்தப் பக்கமாச் சாஞ்சிட்டு. இன்னொரு அலை கூடினா தாங்காது."

நத்தாலியா எழுந்து நின்று சொன்னாள், உள்ளதை உள்ளபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: நான் தடுக்கினால் அது மொத்தமாக விழும், தாசில்தார் தடுக்கினாலும் விழும், அதனால் நான் முடிக்கப் போகிறேன், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடங்கள். கூட்டம் சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். பேண்டுக்காரன் ஒரு முறை கொட்டி வைத்தான். கஸ்பார் மோத்தா, "நல்லாத்தான் பேசுதா, ஆரம்பிம்மா" என்றார்.

ஆரம்பித்தாள். இடக்கை ஆடியது, வலக்கை திரட்டியது, எல்லோருக்கும் பழகிய அந்தத் தொடக்கத்தைக் கூட்டம் தலையாட்டிக் கேட்டது, சின்னப் பிள்ளைகள் கூடவே முனகின, மூன்றாம் பக்கத்தின் உச்சியை நெருங்க நெருங்கத் தடுக்கலை எதிர்பார்த்து ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்தார்கள், நான்காம் விரல் கறுப்புக் கட்டையில் போய் இறங்கியது, கட்டை முரண்டியது, விரல் விடவில்லை, கட்டை இறங்கியது, அந்த ஊரில் யாரும் கேட்டிராத ஒரு சுரம் வெளியே வந்தது.

யாரும் கை தட்டவில்லை. அந்த அமைதியில், முதுகுக்குப் பின்னால் இருந்து, பெரிய மிருகம் ஒன்று புரண்டு படுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அப்போது நத்தாலியா மெதுவானாள். கமிட்டி கிழித்துக்கொண்ட தாளில் எழுதியிருந்தது அப்படி அல்ல, அந்த இடத்தில் வேகமாகக் கொட்டி முழக்க வேண்டும் என்றுதான் எழுதியவர் எழுதியிருந்தார், அவருக்கென்ன, சன்னலைச் சாத்திக்கொண்டு எழுதியவர். இவளோ ஒரு சுரத்தை வைத்துவிட்டு மூச்சு விட்டாள், அடுத்ததை வைத்துவிட்டு மூச்சு விட்டாள், அடுப்பு மேடையில் பழகியதுபோலவே. விழ இருந்த கடல் விழாமல், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விரற்கடை இறங்கி நடந்து வந்தது. முதலில் கால் பெருவிரல் நனைந்தது. பிறகு பாதம்.

அப்புறம்தான் ஓடினார்கள். கஸ்பார் மோத்தா அவள் கையைப் பிடித்து இழுக்க வந்தார், ஸ்டெல்லா குறுக்கே நின்று, வெறி பிடித்த நோயாளியை அடக்குகிற பழக்கத்தில் அவர் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்து, "தொட்டீங்கன்னா தடுக்கும், தடுக்கினா தெரியும்ல?" என்றாள், அவர் ஸ்டெல்லாவின் தலைக்கு மேலாகத் தெரிந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு அப்படியே உப்பளப் பக்கம் ஓடினார். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது, பிறகு திரும்பி வந்து கோழிகளைத் தூக்கியது, கட்டில்களை, அம்மிகளை, பால்வாடித் தொட்டிலைத் தூக்கியது, அவள் அத்தனைக்கும் நேரம் கொடுத்தாள், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வீட்டைக் காலி செய்யலாம். முழங்கால் நனைந்தது. "மெதுவா மைனி, இன்னும் மெதுவா, கடைசித் தெருவுல ஆளு இருக்கு" என்று சூசை தூரத்திலிருந்து கத்தினான். இடுப்பு நனைந்தது. ஜெசிந்தா தன் கதவை நிலையிலிருந்து பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, பியானோவைத் தாண்டி, அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்து கரைந்தன. தண்ணீர் கட்டைகளை மூடியபிறகும் அவள் வாசித்தாள், தண்ணீருக்குள்ளிருந்து சுரம் குமிழியாக வந்து வெடித்தது, கடைசிக் குமிழி வெடித்தபோது கடல் பழைய கரையின் பழைய கோட்டில் போய், எதுவும் நடக்காததுபோலப் படுத்தது. சூசையும் ஸ்டெல்லாவும் ஒரு பழைய வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு உயிரும் போகவில்லை. அதற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கோயில் முற்றத்தில் கட்டிலும் அம்மியுமாக நின்ற சனத்துக்கு, விழாத அலையைப் பற்றி என்ன தெரியும்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வீடு இருந்தது, இவள் வாசித்தாள், வீடு இல்லை. ஜெசிந்தா அந்தக் கதவைச் சுவரில் சாய்த்து வைத்து அதன் மறைவில் பிள்ளைகளைப் படுக்கப் போட்டிருந்தாள். "ஒரே ஒரு தப்புதானே கேட்டேன்" என்றாள், அதற்குமேல் அக்காவோடு அவள் பேசவில்லை.

திருவிழா முடிந்து கொடி இறக்கியதும் கமிட்டி கூடியது. பியானோவை இழுவலை போட்டு வெளியே எடுத்தார்கள், உப்பில் புதைத்து ஈரம் இழுத்தார்கள், வெயிலில் காயவைத்தார்கள். அது எப்படியோ பேசியது, அந்தக் கறுப்புக் கட்டை மட்டும் முன்னைக்கு இப்போது இரண்டு மடங்கு முரடாகியிருந்தது, அதைக் கேட்டுக் கஸ்பார் மோத்தா திருப்தியாகத் தலையாட்டினார். மண்டபத்துக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி தாசில்தாரிடம் போனது.

அவர் நத்தாலியா வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றார்.

"கமிட்டி கேட்டுக்கிட்டாங்கம்மா. மினுவெட்டை ஒரு பக்கமா வச்சிருக்கேன்."

"முடிக்காம அடுத்ததைத் தொடமாட்டீங்களே, சார்?"

"சனத்துக்கு வீடு வேணும்ல."

"அந்த வீட்டுக்குப் பின்னால கடலு மறுபடி நிக்குமே, அதை யோசிச்சீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போனார்.

மறுநாள் சாயங்காலம் மண்டபத்திலிருந்து இடக்கை ஆடத் தொடங்கியது, தாசில்தாரின் கை, விறைத்த கை, வலக்கை திரட்டிக்கொண்டே போய் உச்சியில் தடுக்கியது. கரையில் அளவுக்கயிற்றோடு நின்றவர்கள் ஓவென்று கூவினார்கள். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. தூரத்தில் வானமும் தரையும் சேருகிற இடத்தில், வேண்டுமென்றே பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, ஒரு பச்சை நூல் எழுந்து நின்றது.

நத்தாலியா சன்னலைத் திறந்து வைத்தாள். அடுப்பு மேடையைத் துடைத்து, முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தின் முதல் சுரம் இருக்கிற இடத்தில் நான்காம் விரலை வைத்தாள். குடத்துக்குள் தண்ணீர் அவள் பக்கமாகத் திரும்பியது.

"மெதுவா" என்றாள் அதனிடம்.